ஞாயிற்றின் சீற்றமும் நமது கடமையும்

மழையும் புயலும் வருவதை முன்னறிந்து கூறும் வழக்கம் நம் நாட்டாருக்குப் புதியதன்று. ஆயின், சூரியனிடத்தினின்று எழுந்து பூமியை வந்து தாக்கும் புயல்களும் உள என்பதைப் பலர் அறியார். சூரியனின் புறமண்டலத்தினின்று மின்னேற்றம் பெற்ற நுண்துகள்கள் விநாடிக்கு 300 முதல் 800 கிலோமீட்டர் வேகத்தில் ஓயாது வீசுகின்றன. இதனையே அறிஞர் சூரியக் காற்று என்பர். இஃது உண்டென யூஜீன் பார்க்கர் என்னும் அமெரிக்க அறிஞர் 1958-ஆம் ஆண்டில் கணிதத்தால் காட்டியபோது ஐயுற்றோர் பலர். 1962-ல் மாரினர் 2 என்னும் விண்கலம் அக்காற்றை நேரே அளந்து அவர் கூற்றை மெய்ப்பித்தது.

சிற்சில வேளைகளில் சூரியன், காந்த சக்தி பொதிந்த பெருமேகங்களையும் வீசி எறிகின்றது. அவற்றுள் ஒன்று 1989 மார்ச்சு 13-ஆம் நாள் பூமியைத் தாக்கியபோது, கனடா தேசத்துக் குவிபெக் மாகாணத்தின் மின்சார அமைப்பு இரண்டு நிமிடத்துக்குள் நிலைகுலைந்தது. அறுபது இலட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தனர். 2022 பெப்ரவரியில் எழுந்ததோ எளிய புயலே. எனினும், புதிதாக ஏவப்பட்ட 49 செயற்கைக்கோள்களுள் பெரும்பாலானவை அதனால் வீழ்ந்து அழிந்தன.

இத்தகைய மேகம் சூரியனை விட்டுப் புறப்படுவதை இன்று நாம் காண்கின்றோம். அது ஒரு நாளிலோ மூன்று நான்கு நாட்களிலோ வந்து சேரும் என மதிப்பிடவும் செய்கின்றோம். ஆனால் அதனுள் உறையும் காந்தப்புலம் தெற்கு நோக்கியதோ, வடக்கு நோக்கியதோ என்பதே தலையாய வினா. தெற்கு நோக்கியதாயின் பூமியின் காந்தக் கவசம் திறந்து வழிவிடும். வடக்கு நோக்கியதாயின் பெரிதும் காத்து நிற்கும். இதனை உறுதியாய் அறிவதற்கு, பூமியினின்று பதினைந்து இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் விண்கலங்களை அம்மேகம் கடந்தாக வேண்டும். நம் நாட்டு ஆதித்யா எல்1 விண்கலமும் 2024 ஜனவரி 6 முதல் ஆங்கே காவல் புரிகின்றது. அவ்விடத்தினின்று மேகம் பூமியை எட்டப் பெரும்பாலும் ஒரு மணி நேரமே ஆகும். இவ்வொரு மணியை ஒரு நாளாக நீட்டித்தல் எங்ஙனம்? இதுவே இன்றைய ஆராய்ச்சியின் நோக்கம்.

நிற்க. குடிநீருக்கே வழியற்ற ஊர்கள் இருக்கச் சூரியனை ஆராய்வதற்குப் பொருள் செலவிடலாமோ என்பார் சிலர். அவர் வினா இரக்கத்தில் பிறந்ததாகலின் யாம் அதனை இகழ்கிலேம். ஆயினும், நடுக்கடலில் செயற்கைக்கோளின் குறிப்பை நம்பித் திசையறியும் மீனவனும், மின்சாரத்தை நம்பிச் சிகிச்சை பெறும் நோயாளியும் செல்வர் அல்லர் என்பதை அவர் எண்ணுவாராக.

உடனே பயன் தோன்றாத உழைப்பு வீணாவதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1859 செப்டம்பர் 1-ஆம் நாள் ஆங்கில அறிஞர் காரிங்டன் சூரியனில் பேரொளி ஒன்றைக் கண்டார். மறுநாள் எழுந்த பெரும் புயலைப் பம்பாய்க் கொலாபா ஆய்வகத்தார் கண்ணால் நோக்கிக் கையால் எழுதிவைத்தனர். சூரியக் காற்று என்னும் சொல்லையே அவர் கேட்டறியார். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு கழித்து, 2003-ல், அறிஞர் அவ்வேட்டை எடுத்து ஆராய்ந்து, பூமியின் காந்தப்புலம் அன்று 1,600 நானோடெஸ்லா அளவு தாழ்ந்ததைக் கண்டனர். பெரும்புயல் எத்துணைப் பெரிதாகக்கூடும் என்று இன்று கணிப்போருக்கு அவ்வேடு ஓர் உரைகல். பிற்காலத்தில் மின்சார டிராம் வண்டிகள் வரவிருந்தமையால் அப்பணி அலிபாகுக்கு மாற்றப்பட்டதேயன்றி நிறுத்தப்படவில்லை.

ஆகவே, விரைவாய்க் கணிக்கும் யந்திரங்கள் மட்டும் முன்னறிவிப்பைத் திருத்திவிடா. இடையறாத அளவீடே அதற்கு அடிப்படை. புயல் வீசும் ஆண்டில் ஆராய்ச்சிக்கு வாரி வழங்கிவிட்டு, சூரியன் அடங்கிய ஆண்டுகளில் கைசுருக்குவது பேதைமை. எகிப்து தேசத்தில் யோசேப்பு தானியம் சேர்த்தது பஞ்ச காலத்திலன்று. செழிப்பான ஏழு ஆண்டுகளிலேயே. பதினோராண்டுக்கு ஒருமுறை பொங்கித் தணியும் சூரியனும் நமக்கு அத்தகைய தவணையை அளிக்கின்றது.

நம் கல்லூரி மாணவர் கணிதத்தையும் பௌதிகத்தையும் பரீட்சைக்கு மட்டும் கற்றொழியாது, இத்துறையிற் புகுவாராக. இன்று பொறுமையோடு எழுதப்படும் ஓர் எண், நாம் காணப்போகாத ஒரு தலைமுறையின் விளக்கு அணையாது காக்கும் என்பதே எமது துணிபு.