பெரிய பறவையின் கேள்வி

குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளில் சாவும் நோயும் வரலாமா என்று இப்போது கேட்பது காலம் கடந்த கேள்வி. 1942-இல் வெளிவந்த 'பாம்பி'யில் வேட்டைக்காரன் தாய்மானைச் சுடுகிறான். 1994-இன் 'லயன் கிங்'கில் குட்டியின் கண்ணெதிரே தகப்பன் சிங்கம் விழுந்து சாகிறது. அதிக வசூல் பெற்ற 45 கார்ட்டூன் படங்களைப் பெரியவர்களுக்கான படங்களோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. முக்கியப் பாத்திரங்கள் சாகும் அபாயம் கார்ட்டூனில் இரண்டரை மடங்கு அதிகம் என்றது அது. ஆனால் இந்தச் சாவுகள் கதையை நகர்த்துவதற்காக வருபவை. தாய் போனால்தான் குட்டி தனித்து நிற்கும், தனித்து நின்றால்தான் கதை பிறக்கும். செத்தவர் திரும்பி வரமாட்டாரா, இனி என்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பார்க்கும் பிள்ளைக்குள் எழும் கேள்விகளுக்கு அங்கே நேரமில்லை. அந்த நேரத்தைத்தான் நான் கேட்கிறேன்.

அதைக் கொடுத்துக் காட்டியது அமெரிக்காவின் சிறுவர் தொலைக்காட்சித் தொடர் 'செசமி ஸ்ட்ரீட்'. அதில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் காலமானார். வேறொருவரை நடிக்க வைத்திருக்கலாம், வெளியூர் போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். ஹூப்பர் இறந்துவிட்டார் என்றே சொல்வது என்று முடிவெடுத்தார்கள். பெற்றோர் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து, 1983 நவம்பர் 24, நன்றி கூறும் நாள் விடுமுறையில் ஒளிபரப்பினார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் மனம் கொண்ட பொம்மைப் பாத்திரமான பெரிய பறவை, எல்லோரையும் படமாக வரைந்து கொடுக்கிறது. ஹூப்பரின் படத்தை மட்டும் அவர் வந்ததும் தருவதாக வைத்துக்கொள்கிறது. அவர் வரமாட்டார் என்று பெரியவர்கள் தடுமாறித் தடுமாறிச் சொல்கிறார்கள். ஏன் இப்படி நடக்கவேண்டும் என்ற கேள்விக்கு அவர்களிடம் காரணம் இல்லை, அதை மறைக்கவும் இல்லை. உளவியலாளர்களின் யோசனைப்படி முதுமையையும் நோயையும் காரணமாகச் சொல்லாமல் விட்டார்கள். சொன்னால், காய்ச்சலில் படுத்த அம்மாவும் செத்துவிடுவாள் என்று பிள்ளை பயந்துவிடும்.

இதெல்லாம் வீட்டில் சொல்ல வேண்டியது, தொலைக்காட்சிக்கு என்ன வேலை என்பார்கள். வீட்டில் நாம் என்ன சொல்கிறோம்? தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார், சாமிகிட்ட போய்விட்டார். ஊருக்குப் போனவர் திரும்பத்தானே வேண்டும்? பிள்ளை வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொண்டால்? அதுவும் நடந்தது. 1992-இல் அதே குழு பெற்றோரின் விவாகரத்தைப் பற்றி ஒரு பகுதி எடுத்து, சிறுவர்களுக்குப் போட்டுப் பார்த்தது. அப்பா அம்மா சண்டை போட்டாலே பிரிந்துவிடுவார்கள் என்று அவர்களில் பலர் எடுத்துக்கொண்டார்கள். செலவழித்து எடுத்ததை ஒளிபரப்பாமலே நிறுத்தினார்கள். இந்தப் பொறுப்பு இருக்கும்வரை எந்தப் பொருளையும் விலக்கத் தேவையில்லை என்பேன்.

இடமும் முக்கியம். ஹூப்பர் கதையில் தவிர்த்த நோயை, அந்தத் தொடரின் தென்னாப்பிரிக்கப் பதிப்பான 'தக்கலானி செசமி' 2002-இல் நேராகவே கொண்டுவந்தது. காமி என்ற ஐந்து வயதுப் பொம்மைக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு, அவள் தாய் எய்ட்ஸால் இறந்தவள். அமெரிக்காவில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் கவலையோடு கடிதம் எழுதினார்கள். எய்ட்ஸ் பல லட்சம் பிள்ளைகளை அநாதைகளாக்கிக்கொண்டிருந்த நாட்டில், காமியைத் தொட்டு விளையாடினால் நோய் ஒட்டாது என்பதை அவள் தோழர்கள் அவளைக் கட்டிக்கொண்டு காட்டினார்கள்.