வேலிக்கு வெளியே ஒரு சரணாலயம்

பள்ளி விடுமுறை வந்தால் கடலோரச் சாலையில் பயணம் செய்யும் குடும்பங்கள் பல. கிள்ளானிலிருந்து ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் வடக்கே சென்றால் கோலசிலாங்கூர், சபாக் பெர்ணம் ஆகிய ஊர்களைக் கடந்து தெலுக் இந்தானை அடையலாம். 1885-ஆம் ஆண்டு கட்டப்பட்ட சாய்ந்த கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொண்ட பிறகு, சிலர் தைப்பிங் வரை செல்கின்றனர். அங்குள்ள விலங்குத் தோட்டம் 1961-இல் தொடங்கப்பட்டது. அங்கே புலியைக் காண வேண்டும் என்பதே பிள்ளைகளின் ஆசை. அது நல்ல ஆசைதான். ஆயினும், புலியின் சிறிய உறவினர் ஒருவரின் வசிப்பிடத்தைக் கடந்தே தங்கள் வண்டி ஓடுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

அந்த உறவினர்தான் சிறுத்தைப் பூனை. மலாய்க்காரர்கள் இதனைக் ‘கூச்சிங் பத்து’ என்று அழைக்கின்றனர். இது வீட்டுப் பூனையின் அளவே இருக்கும். உடலெங்கும் கரும்புள்ளிகள் காணப்படும். காதின் பின்புறத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரியும். பெரும்பாலும் இரவில்தான் இரை தேடும். காட்டில் மட்டுமன்றிச் செம்பனைத் தோட்டங்களிலும் இதனால் வாழ முடிகிறது. தெலுக் இந்தானைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. எனவே, பூனையைக் காக்கும் பொறுப்பு வனவிலங்குத் துறைக்கு மட்டும் உரியதன்று. தோட்டத்திலும் சாலையோரத்திலும் வாழும் மக்களுக்கும் உரியது.

இந்தப் பூனையின் முதன்மையான உணவு எலி. செம்பனைப் பழங்களைக் கடித்து நாசம் செய்யும் எலிகளை இது ஊதியம் வாங்காமல் வேட்டையாடுகிறது. எலிகளை ஒழிக்க நச்சு மருந்து வைத்தால், அம்மருந்தை உண்ட எலியைத் தின்னும் பூனையும் ஆந்தையும் பாதிக்கப்படலாம். காவல்காரனுக்கே நஞ்சு கொடுத்துவிட்டுத் திருடனைப் பிடிக்க முடியுமா?

இப்பூனைக்கு வரும் ஆபத்துகளுள் இரண்டு மனிதரின் கவனக்குறைவால் வருபவை. ஒன்று, இரவில் விரைந்து செல்லும் வாகனம். மற்றொன்று, இரக்கம் என்னும் பெயரில் நடக்கும் தவறு. செம்பனை மட்டைக் குவியலில் கிடக்கும் குட்டிகளைக் கண்டவர்கள், தாய் கைவிட்டுவிட்டது என்று எண்ணி வீட்டுக்குத் தூக்கிச் செல்வதுண்டு. உண்மையில் தாய் இரை தேடிச் சென்றிருக்கலாம். அது திரும்பி வரும்போது குட்டிகள் அங்கே இருக்கமாட்டா. பாலூட்டி வளர்த்தாலும் காட்டுக்குணம் மாறாது. வளர்ந்தபின் அது கடிக்கும், பிறாண்டும். மனிதரிடம் வளர்ந்த குட்டிக்குத் தானாக வேட்டையாடி வாழ்வதும் கடினமாகிவிடும். மேலும், முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட இவ்விலங்கை அனுமதியின்றி வைத்திருப்பது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

“கோழியைப் பிடிக்கும் பூனைக்கு இரக்கம் எதற்கு?” என்று கேட்போர் உண்டு. அவர்களின் இழப்பு உண்மையானதே. சில கோழிகளையே நம்பி வாழும் குடும்பத்திற்கு ஒரு கோழியும் பெரிதுதான். எனினும், மாலையில் கூட்டை இறுகப் பூட்டினால் கோழியும் பிழைக்கும், பூனையும் பிழைக்கும். பொறி வைத்துக் கொல்வது தீர்வாகாது.

ஜப்பானின் இரியோமோத்தே தீவு இதற்கு ஒரு பாடமாக விளங்குகிறது. அங்கு வாழும் காட்டுப் பூனையும் சிறுத்தைப் பூனை இனத்தைச் சேர்ந்ததே. ஏறத்தாழ நூறு பூனைகளே எஞ்சியுள்ளன. அதனால், பூனைகள் கடந்து செல்லச் சாலைக்கு அடியில் சிறு வழிகள் அமைத்துள்ளனர். வேகத்தைக் குறைக்கும்படி ஓட்டுநர்களை எச்சரிக்கும் பலகைகளையும் நட்டுள்ளனர். நூறாகக் குறைந்தபின் செய்வதை, பூனைகள் பரவலாக வாழும்போதே செய்வது எளிதல்லவா? மலேசியாவில் 1950-களில் 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. இன்று 150-க்கும் குறைவாகவே உள்ளன. காலம் கடந்த கவலைக்கு விலை அதிகம்.

விலங்குத் தோட்டங்களும் மீட்பு மையங்களும் தேவையில்லை என்பது இதன் பொருளன்று. காயம்பட்ட விலங்குகளுக்கும் தாயை இழந்த குட்டிகளுக்கும் புகலிடம் வேண்டும். ஆனால், வேலிக்குள் இருக்கும் விலங்கைக் கண்டு வியந்தவர்கள், வேலிக்கு வெளியே இருப்பதை மறந்துவிட்டால் அந்தப் பயணத்தால் பயன் இல்லை. குட்டியைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கப் பணம் வாங்கும் இடங்களையும் தவிர்க்க வேண்டும். விலங்கைத் தொடவிடாத இடமே விலங்கை மதிக்கும் இடம்.

ஆகவே, பெற்றோர் இரவில் தோட்டச் சாலைகளில் வேகத்தைக் குறைக்கலாம். பிள்ளைகள் குட்டிகளைக் கண்டால் தொடாமல் விலகி நிற்கலாம். நெடுநேரமாகியும் தாய் வரவில்லை என்றால், பெரியவர்கள் மூலம் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தெரிவிக்கலாம். இவற்றுக்கு நுழைவுச்சீட்டு வேண்டாம். சற்றுப் பொறுமையே போதும். அப்போது, தெலுக் இந்தானின் செம்பனைத் தோட்டங்களே ஒரு சரணாலயமாக மாறும்.