"சதுர அடிக்கு எவ்வளவு?" என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் பள்ளியில் பிள்ளைகள் மதிய உணவு சாப்பிடும் முற்றத்துக்கு இரும்புக் கொட்டகை போட நீங்கள் நிதி திரட்டுகிறீர்கள். நல்ல காரியம், மனதார வாழ்த்துகிறேன். வாட்ஸ்அப் குழுவில் வந்த கொட்டேஷனையும் பார்த்தேன். 100 அடி நீளம், 40 அடி அகலம், 12 தூண், சதுர அடிக்கு இத்தனை ரூபாய். தூண் குழி 2 அடிக்கு 2 அடி, ஆழம் 3 அடி. அவ்வளவுதான். வரைபடம் இல்லை, இரும்பு எத்தனை கிலோ என்று இல்லை, பைப்பின் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்றும் இல்லை. "ஒரு கொட்டகைக்கு எதுக்கு சார் இன்ஜினியர்?" என்று ஒரு தம்பி கேட்டதற்குக் கட்டைவிரல் தூக்கியவர்கள் ஏராளம். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

வீட்டுக் கூரை கீழே விழுந்துவிடக் கூடாதே என்றுதான் நாம் பயப்படுகிறோம். தகரக் கொட்டகைக்கு ஆபத்து வேறு திசையில் இருக்கிறது. அது மேலே பறக்கும். பதினொன்றாம் வகுப்பில் பெர்னோலி தத்துவம் நடத்தும்போது புயலில் கூரை பறப்பதைத்தானே உதாரணம் சொன்னேன்? மேலே காற்று வேகமாக ஓடினால் அங்கே அழுத்தம் குறையும், கூரை மேல்நோக்கி இழுபடும். பரீட்சைக்கு எழுதினீர்கள். இப்போது கணக்குக்கு எடுங்கள்.

காற்றுச் சுமைக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 875, பகுதி 3 என்ற தரநிலை இருக்கிறது. மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். புதுச்சேரியை ஒட்டிய கடலூர்க்காரர்களான நாமும் 50 என்றே வைத்துக்கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் 1500 நியூட்டன் வரும். சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. கூரையின் சரிவையும் சுவர்த் திறப்பையும் பொறுத்து இது கூடும், குறையும். பாதிதான் மேலே இழுக்கிறது என்று தாராளமாக விட்டுக்கொடுப்போம். 75 கிலோ.

நம் கொட்டகை சுமார் 370 சதுர மீட்டர். மேல்நோக்கிய இழுப்பு 27 டன்னுக்கு மேல். ஷீட், பர்லின், ட்ரஸ் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 25 கிலோ என்றாலும் கூரையின் எடை 9 டன் சொச்சம்தான். மீதி 18 டன்னை 12 தூண்களும் பிடித்து நிறுத்த வேண்டும். தூணுக்கு ஒன்றரை டன். கொட்டேஷனில் உள்ள குழியில் கான்கிரீட்டை நிரப்பினால் அதன் எடை சுமார் 800 கிலோ! தூணோடு குழியையும் பிடுங்கிக்கொண்டு போகும் என்று சொல்ல ஜோதிடம் தேவையில்லை.

"எங்க மாமா வீட்ல பத்து வருஷமா இப்படித்தான் நிக்குது சார்" என்பார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் எப்படிக் கிடந்தன என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கொட்டகை அதற்குப் பிறகு போட்டது. அதற்கான பரீட்சை இன்னும் வரவில்லை, அவ்வளவே.

இதில் வெல்டர் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் நம் பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம். சதுர அடிக்கு ரேட் கேட்டு, அதிலும் இருபது ரூபாய் குறை என்று பேரம் பேசினால் அவர் என்ன செய்வார்? 3.2 மில்லிமீட்டர் பைப் 2 மில்லிமீட்டர் ஆகும். பெயிண்ட் அடித்த பிறகு யாருக்கும் தெரியாது. கனத்தைத் திருடியவர் அவர் இல்லை. வரைபடம் கொடுக்காமல் விலையை மட்டும் கேட்ட நாம்தான்.

ஆகவே வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் தலைமையாசிரியர் வழியாகத் துறை அனுமதி. அடுத்து மண் பரிசோதனை. பிறகு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கையெழுத்திட்ட வரைபடம். அதில் அஸ்திவாரம், பேஸ் பிளேட், ஆங்கர் போல்ட், குறுக்குப் பிணைப்பு, ஷீட் திருகுகளின் இடைவெளி எல்லாம் இருக்க வேண்டும். கடலோரம் என்பதால் ஷீட்டின் துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு 120 கிராமா, 275 கிராமா என்று எழுதி வாங்குங்கள். வெயிலுக்குக் கூரை உயரமும் வெப்பத் தடுப்பும் இப்போதே முடிவாகட்டும். அந்த ஒரே வரைபடத்தை மூன்று பேரிடம் கொடுத்து, கிலோ கணக்கில் விலை கேளுங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும்.

இன்னொன்று. "மழைச்சாரலுக்குப் பிறகு மூணு பக்கம் தகரம் அடிச்சிக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். கூடவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்தும் தள்ளும். கணக்கே மாறிவிடும். சுவர் வேண்டுமென்றால் இன்றே வரைபடத்தில் வரட்டும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீ கொண்டுபோன பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளை அகற்றினோம். கீற்றை மாற்றினோம். யோசிக்காமல் கட்டும் பழக்கத்தை மாற்றவில்லை.

உங்களில் சிவில் படித்தவர்கள் எத்தனையோ பேர். குழுவில் பிறந்தநாள் வாழ்த்து சொல்வதோடு நிற்காமல் இரண்டு பேர் முன்வாருங்கள். இன்ஜினியர் கட்டணத்தை என் ஓய்வூதியத்திலிருந்து நானே தருகிறேன். கொட்டகைக்கான என் பங்கு, கையெழுத்திட்ட வரைபடத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான். அதுவரை யாரும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

கணக்கில் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். கட்டைவிரல் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் ஆசிரியர்