'உங்க போன்ல 5 வைரஸ்!' மிரட்டும் பாப்-அப்... தொட்டால் என்ன ஆகும்?

ஓசியில் படம் பார்க்க ஏதோ ஒரு தளத்துக்குள் போகிறீர்கள். திடீரென திரை சிவப்பாகி, 'உங்கள் போனில் 5 வைரஸ்கள்' என்கிறது. கீழேயே 'உடனே நீக்கு' பட்டன். சேவூரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பனியன் கம்பெனி தொழிலாளி முதல் சென்னை ஐடி ஊழியர் வரை பதறுவது இங்கேதான்.

உண்மையில், ஒரு இணையப் பக்கத்தால் உங்கள் போனை ஸ்கேன் செய்து வைரஸை எண்ண முடியாது. அது வெறும் விளம்பரம். பட்டனைத் தொட்டதும் இறங்கும் 'ஏபிகே' ஃபைலை இன்ஸ்டால் செய்தால்தான் வினையே. எஸ்எம்எஸ் படிக்க அது கேட்கும் அனுமதியைக் கொடுத்துவிட்டால், பேங்க் ஓடிபி வரை வேவு பார்க்கும். சம்பளம் வருவதும், ஜிபே இருப்பதும் அதே போனில்தானே!

கம்ப்யூட்டரில் இந்த மிரட்டல் 'உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க' என்று வரும். எதிர்முனையில் போலி கால் சென்டர். 2023 அக்டோபரில் சிபிஐ 76 இடங்களில் நடத்திய 'ஆபரேஷன் சக்ரா-2' சோதனையில், மைக்ரோசாஃப்ட், அமேசான் கொடுத்த புகார்களின் பேரில் பதிவான இத்தகைய வழக்குகளும் அடக்கம்.

சரி, என்ன செய்யணும்? விளம்பரத்தில் இருக்கும் 'எக்ஸ்' குறியைக்கூட நம்ப வேண்டாம், டேபையே மூடிடுங்க. அதன் பிறகும் நோட்டிஃபிகேஷனாக வந்துகொண்டே இருந்தால், எப்போதோ ஒரு தளத்துக்கு 'அலோ' கொடுத்திருப்பீர்கள். குரோம் செட்டிங்ஸில் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய், தெரியாத தளங்களை பிளாக் செய்யலாம்.

ஏபிகே இன்ஸ்டாலே ஆகிவிட்டதா? முதலில் நெட்டை ஆஃப் செய்து, ஆப்பை நீக்குங்க. பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்க.