டாக்டர் கண்டுபிடிச்சாரு, சரி. அதை நம்ம வரைக்கும் கொண்டு வந்தது யாரு?

1/
மருத்துவ ஆராய்ச்சின்னு சொன்னா உங்க மனசுல வர்ற படம் என்ன? வெள்ளை கோட்டு, மைக்ராஸ்கோப், ஒரு பேராசிரியர். இந்த த்ரெட் அவரைப் பத்தி இல்ல. அவருக்குப் பின்னாடி போன் பண்ணி, ஃபார்ம் நிரப்பி, கணக்குப் போட்டு, வீடு தேடிப் போற ஆட்களைப் பத்தி. அவங்க இல்லாம பெரும்பாலான ஆராய்ச்சி நோயாளிகிட்ட வந்து சேராது. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
நான் ஆராய்ச்சியாளர் இல்ல. எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு அரசு மருத்துவமனையில ஓ.பி., வார்டு, நைட் டியூட்டின்னு ஓடுற ஆள். அதாவது ஆராய்ச்சியோட கடைசி முனையில நிக்கிற ஆள். ஒரு ஆராய்ச்சியால பலன் உண்டான்னு பார்க்க எனக்கு அளவுகோல் ஒண்ணுதான்: நான் எழுதுற சீட்டுல ஏதாவது மாறுச்சா?

3/
ஒரு உதாரணம். டெக்ஸாமெத்தசோன். பழைய மருந்து, விலை ரொம்பக் குறைவு, எந்த அரசு மருத்துவமனை ஸ்டோர்லயும் இருக்கும். கொரோனாவுல இது உயிரைக் காப்பாத்தும்னு நிரூபிச்சது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய 'ரெகவரி' ஆய்வு. வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல, வழக்கமான சிகிச்சை மட்டும் வாங்கினவங்க 28 நாளுக்குள்ள இறந்தது 41%. தினம் 6 மி.கி. டெக்ஸா சேர்த்து வாங்கினவங்கள்ல 29%. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவங்களுக்கு 26%ல இருந்து 23%. ஆக்சிஜனே தேவைப்படாதவங்களுக்குப் பலன் இல்ல. யாருக்குக் கொடுக்கணும், யாருக்குக் கூடாதுன்னு இவ்வளவு தெளிவா பதில்.

4/
இப்போ வேகத்தைப் பாருங்க. ஆய்வுத் திட்டத்தை எழுத ஆரம்பிச்சதுல இருந்து முதல் நோயாளி சேர்ற வரைக்கும் 9 நாள். 2020 மார்ச்ல ஆரம்பிச்சு ஜூன் 16ல முடிவு அறிவிப்பு. அன்னைக்கே பிரிட்டன் இதை சிகிச்சையில சேர்த்துடுச்சு. ஜூன் 27ல இந்திய சுகாதார அமைச்சகத்தோட சிகிச்சை நெறிமுறையிலயும் வந்துடுச்சு. வெறும் 11 நாள்.

5/
இது ஆய்வை வழிநடத்தின பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லாண்ட்ரே ரெண்டு பேரோட மூளையால மட்டும் நடந்ததா? அங்கே 176 மருத்துவமனைகள்ல நோயாளிகளைச் சேர்த்தாங்க. அந்த நாட்டு அரசு மருத்துவமனைகள்ல ரிசர்ச் நர்ஸ்ங்கிற வேலை ஏற்கெனவே இருந்துச்சு. அனுமதி கொடுக்குற அலுவலகங்கள் மாசக்கணக்குல இல்லாம நாள்கணக்குல ஃபைலை நகர்த்துச்சு. வார்டுல திணறிட்டு இருக்குற டாக்டருக்கு நேரம் இருக்காதுன்னு தெரிஞ்சு, ஃபார்மைச் சின்னதாக்கி வெச்சிருந்தாங்க. டேட்டாவைச் சேர்க்க, சரிபார்க்க, கணக்குப் போட ஒரு அணி தயாரா இருந்துச்சு. பெருந்தொற்று வந்தப்புறம் ஆள் தேடல. ஆள் முன்னாடியே இருந்தாங்க.

6/
இதே காலத்துல நடந்த எதிர் உதாரணம்: ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். 2020 மார்ச்ல பிரான்ஸ்ல இருந்து ஒரு சின்ன ஆய்வு வந்துச்சு. மாத்திரை வாங்கினவங்க 26 பேர். அதுல 6 பேரைக் கணக்குல இருந்து எடுத்துட்டாங்க. அந்த 6 பேர்ல 3 பேர் ஐ.சி.யூ.வுக்குப் போனவங்க, ஒருத்தர் இறந்தவர்! மிச்சம் 20 பேரை வெச்சு 'மருந்து வேலை செய்யுது'ன்னு முடிவு. உலகமே அந்த மாத்திரை பின்னாடி ஓடுச்சு.

7/
மூணு மாசம் கழிச்சு அதே ரெகவரி ஆய்வுதான் 'இதுல பலன் இல்ல'ன்னு காட்டுச்சு. அந்தப் பிரெஞ்சுக் கட்டுரையை 2024 டிசம்பர்ல ஜர்னல் திரும்பப் பெற்றது. யோசிச்சுப் பாருங்க. பரபரப்பு, மேற்கோள் எண்ணிக்கை எல்லாத்துலயும் அந்தக் கட்டுரை உச்சம். நோயாளிக்கு என்ன கிடைச்சுது? 'சார், இந்த 6 பேரை விட முடியாது, கணக்கு தப்பாயிடும்'னு பேராசிரியர் முகத்துக்கு நேரா சொல்ற தைரியமும் அதிகாரமும் உள்ள ஒரு புள்ளியியலாளர், எந்த ஆய்வுலயும் முதல் நாள்ல இருந்து கூட இருக்கணும்.

8/
'அதெல்லாம் வெள்ளைக்காரன் நாடு, அங்கே காசு இருக்கு'ன்னு சொல்வீங்க. சரி, சென்னைக்கு வருவோம். 1950கள். டிபி வந்தா மாசக்கணக்குல சானடோரியத்துல படுக்கணும், நல்ல காத்து, நல்ல சாப்பாடு, முழு ஓய்வுன்னு உலகம் நம்பிட்டு இருந்த காலம். தாம்பரம் பக்கத்துல சானடோரியம்னு ஒரு ரயில் ஸ்டேஷன் இன்னும் இருக்கே, அந்தக் காலத்தோட பேர்தான் அது. ஆனா நோயாளிகளோட எண்ணிக்கைக்குப் படுக்கைகள் எங்கேயும் போதல.

9/
1956ல சென்னையில டிபி கீமோதெரபி சென்டர் தொடங்குச்சு. ஐ.சி.எம்.ஆர்., அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாரும் சேர்ந்து. வாலஸ் ஃபாக்ஸ் தலைமை. 193 நோயாளிகளைக் குலுக்கல் மாதிரி ரெண்டா பிரிச்சாங்க. பாதிப் பேர் சானடோரியத்துல, பாதிப் பேர் நெருக்கடியான வீட்டுலயே. ரெண்டு பக்கமும் அதே மாத்திரை, ஒரு வருஷம்.

10/
வீட்டுல இருக்குறவர் மாத்திரை சாப்பிட்டாரா இல்லையான்னு எப்படித் தெரியும்? இங்கேதான் நம்ம ஆட்கள் வர்றாங்க. ஹெல்த் விசிட்டர்கள் சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுவாங்க. மருந்து உடம்புல இருக்கான்னு பார்க்க யூரின் வாங்கிட்டு வருவாங்க. இந்த வேலைக்கு மைக்ராஸ்கோப் பத்தாது. நோயாளியோட தெரு தெரியணும், வீட்டுச் சூழல் தெரியணும், அவர் நம்பிப் பேசணும்.

11/
முடிவு 1959ல வந்துச்சு. ஒரு வருஷ முடிவுல வீட்டு சிகிச்சை கிட்டத்தட்ட சானடோரியத்துக்குச் சமம். சாப்பாடும் ஓய்வும் குறைவா இருந்தும்! குடும்பத்துல இருக்குறவங்களுக்குத் தொற்றும் கூடுதலா பரவல. உலகம் முழுக்க சானடோரியங்களோட காலம் முடிஞ்சதுக்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். இன்னைக்கு டிபி நோயாளி வீட்டுல இருந்துகிட்டே மாத்திரை சாப்பிடுறார்னா அதோட வேர் நம்ம ஊர்ல இருக்கு. அந்த மையம்தான் இப்போ சேத்துப்பட்டுல இருக்குற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

12/
ஒரு நிமிஷம் யோசிங்க. ஹெல்த் விசிட்டர்கள் ஒழுங்கா வீட்டுக்குப் போகலைன்னா? பாதிப் பேர் ஃபாலோ-அப்ல காணாமப் போயிருப்பாங்க. 'இந்தியாவுல நடந்த அரைகுறை ஆய்வு'ன்னு உலகம் ஒதுக்கியிருக்கும். ஆய்வோட தரமும் அது போய்ச் சேர்ற தூரமும் அவங்க கையிலதான் இருந்துச்சு.

13/
இப்போ நம்ம மருத்துவக் கல்லூரிகளுக்கு வருவோம். எம்.டி., எம்.எஸ். படிக்கிற ஒவ்வொருத்தரும் தீசிஸ் எழுதியே ஆகணும். அதுக்காக நம்ம நோயாளிங்க கையெழுத்துப் போடுறாங்க, ரத்தம் கொடுக்குறாங்க, வேலையை விட்டுட்டு திரும்பத் திரும்ப வர்றாங்க. கடைசியில அது தடிமனான பைண்டிங் போட்டு அலமாரிக்குள்ள போயிடுது. பி.ஜி. டாக்டரைக் குறை சொல்ல முடியாது. 36 மணி நேரம் டியூட்டி பார்க்குற ஆள்தான் நோயாளிக்குப் போன் பண்ணணும், எக்செல் அடிக்கணும், புள்ளியியல் போடணும், எத்திக்ஸ் கமிட்டி ஃபைலையும் தூக்கிட்டு அலையணும்.

14/
அப்போ ஆராய்ச்சிக்குத் துணை நிக்கிற பணியாளர்கள் என்ன செய்ய முடியும்? கற்பனை இல்ல, எல்லாம் நடைமுறை.

முதல்ல நூலகர். ஆய்வு தொடங்குறதுக்கு முன்னாடியே 'இந்தக் கேள்விக்குப் பதில் ஏற்கெனவே இருக்கா?'ன்னு முறையாத் தேடிக் கொடுக்கலாம். காசு வாங்கிட்டு எதையும் போடுற போலி ஜர்னல் எதுன்னு எச்சரிக்கலாம். நூலகர்னா புத்தகத்துக்குச் சீல் வைக்கிறவர்னு நாம நினைக்கிறது பெரிய நஷ்டம்.

15/
அடுத்து புள்ளியியலாளர். சமூக மருத்துவத் துறையில பொதுவா ஒருத்தர் இருப்பார். அவர்கிட்ட தீசிஸ் போறது பெரும்பாலும் கடைசி மாசம். உயிர் போனப்புறம் ஈ.சி.ஜி. எடுக்குற மாதிரி. எத்தனை நோயாளிகள் வேணும், எதை அளக்கணும்னு ஆரம்பத்துலயே அவரைக் கேட்டிருந்தா பாதி தீசிஸ் பிழைச்சிருக்கும்.

16/
மூணாவது, ரிசர்ச் நர்ஸ், கோஆர்டினேட்டர், டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். நோயாளிக்கு அவர் புரிஞ்சுக்குற தமிழ்ல ஆய்வை விளக்குறது, ஃபாலோ-அப் தேதியை ஞாபகப்படுத்துறது, விட்டுப்போன கட்டத்தை அன்னைக்கே கண்டுபிடிக்கிறது. மருந்து ஆய்வுன்னா முதல் நோயாளியைச் சேர்க்குறதுக்கு முன்னாடியே சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டுல பதியணும். 2018 ஏப்ரல்ல இருந்து பின்தேதியிட்டுப் பதிய முடியாது. இதைக் கவனிக்க ஆள் இல்லாம ஒரு நல்ல ஆய்வு ஜர்னல் வாசல்லயே நின்னுடும்.

17/
நாலாவது, யாருமே கண்டுக்காத வேலை: முடிவை வெளியே கொண்டு போறது. ஒரு பக்கத்துல தமிழ்ல, 'என்ன கேட்டோம், என்ன தெரிஞ்சுது, நாளைக்கு ஓ.பி.யில என்ன மாத்தணும்'. அது பி.எச்.சி. டாக்டருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் போகணும். ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துல 2025ல இருந்து அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான ஜர்னல்களைப் படிக்கலாம், நல்ல விஷயம். ஆனா கிராமத்து பி.எச்.சி. அந்தப் பட்டியல்ல வர்ற இடம் இல்ல. அங்கே ஒரு பக்கத் தாள்தான் போய்ச் சேரும்.

18/
இது முடியும்னு தமிழ்நாடே காட்டியிருக்கு. 2022ல வந்த 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்'. டிபி நோயாளிகள்ல யாருக்கு உயிர் ஆபத்து அதிகம்னு பார்க்க உயரத்துக்கேத்த எடை, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், துணையில்லாம நிக்க முடியுதா. அவ்வளவுதான். லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஐ.சி.எம்.ஆர்.-தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து செஞ்சது. ஆராய்ச்சி அறிவை களப்பணியாளர் கையில பிடிக்கிற அளவுக்குச் சுருக்கினாங்க. அதனாலதான் அது ஊருக்குள்ள வந்துச்சு.

19/
'டாக்டர், நர்ஸ் போஸ்ட்டே காலியா கிடக்கு, இதுக்கு ஆள் கேக்குறீங்களா?' நியாயமான கேள்வி. என் பதில்: செலவு ஏற்கெனவே ஆயிட்டு இருக்கு. தீசிஸ் கட்டாயம், டாக்டரோட நேரம் போகுது, நோயாளியோட ரத்தம் போகுது, டெஸ்ட்டுக்கு அரசுப் பணம் போகுது. பலன் மட்டும்தான் வரல. 99 ரூபாய் செலவு பண்ணிட்டு கடைசி ஒரு ரூபாயை மிச்சம் பிடிக்கிறது சிக்கனம் ஆகாது.

20/
சில அரசு மருத்துவக் கல்லூரிகள்ல மத்திய அரசு நிதியில பல்துறை ஆராய்ச்சிப் பிரிவு இருக்கு. அங்கே இருக்குறவங்க பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளர்கள். நிதி முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது. மூணு வருஷம் பழகி, எந்த ஃபைல் எங்கே இருக்கு, எந்த நோயாளி எந்த ஊர்னு தெரிஞ்ச ஆள் போயிட்டா, அந்த அறிவும் கூடவே போயிடுது. அடுத்தவர் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கணும்.

21/
என் கோரிக்கை மூணு.
ஒண்ணு: ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலயும் ஆராய்ச்சி உதவி அலுவலகம், நிரந்தரப் பணியிடங்களோட.
ரெண்டு: தீசிஸ் ஒப்படைக்கும்போது ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கமும் கட்டாயம். அது பொதுவெளியில இருக்கணும்.
மூணு: உழைச்ச பணியாளர் பேர் கட்டுரையில வரணும். ஆய்வை வடிவமைச்சு, எழுதுறதுலயும் பங்கு இருந்தா ஆசிரியராவே. இல்லைன்னா நன்றிப் பகுதியில பேரோட. 'துறை ஊழியர்களுக்கு நன்றி'ன்னு ஒத்தை வரியில முடிக்காதீங்க.

22/
பொதுமக்கள் நீங்க என்ன செய்யலாம்? உங்களையோ உங்க அம்மா அப்பாவையோ ஆய்வுல சேர்க்கக் கேட்டா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: 'இதோட முடிவு எங்களுக்கு எப்படித் தெரியும்?' கேக்குறது உங்க உரிமை. சேர்ந்துட்டா, ஃபாலோ-அப்புக்கு வர்ற போனை எடுங்க. இனி வேண்டாம்னா அதையாவது சொல்லிடுங்க. உங்க ஒரு பதில் விட்டுப்போனா, அடுத்து வர்ற நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய பதில்ல ஒரு ஓட்டை விழுது.

23/
அடுத்த முறை 'தமிழக டாக்டர்கள் சாதனை'ன்னு செய்தி பார்த்தா சந்தோஷப்படுங்க. கூடவே, மாத்திரையை எண்ண வீடு வீடா நடந்தவங்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. உங்க சொந்தக்காரங்க யாராவது இந்த வேலையில இருந்தா இந்த த்ரெட்டை அவங்களுக்கு அனுப்புங்க. மருத்துவக் கல்லூரி டீன், துறைத் தலைவர் யாரையாவது தெரிஞ்சா கட்டாயம் அனுப்புங்க.