மலைத்தோட்டப் பெண்களும் திரையின் பார்வையும்: ஒரு மறுப்பு

பழமை பேணும் சமூகத்தில் பெண் அடங்கியே வாழ்கிறாள். திரைப்படம் அதனை உள்ளவாறே காட்டுகிறது. ஆதலின் படைப்பாளியைக் குறை கூறல் தகாது என்பது திரைப்படத் திறனாய்வில் அடிக்கடி எழும் வாதமாகும். இடுக்கி எல்லைப்புறத் தோட்டங்களின் அண்மைக்கால வரலாறு இவ்வாதத்தைப் பொய்யாக்குகிறது.

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில், முன்பு 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அன்று நாட்கூலி 232 ரூபாய். கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழர், சாலையை மறித்து அமர்ந்தனர். தொழிற்சங்கங்களின் ஆண் தலைவர்களை விலக்கி நிறுத்தித் தம் கோரிக்கையைத் தாமே முன்வைத்தனர். ஒன்பது நாட்களில் 20 விழுக்காட்டை மீட்டனர். ‘பெம்பிளை ஒருமை’ என்று அவ்வியக்கம் பெயர் பெற்றது.

இதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின் வெளிவந்தது லெனின் பாரதியின் ‘மேற்கு தொடர்ச்சி மலை’ (2018). தேனி - இடுக்கி எல்லையின் கூலி வாழ்வை மிகையின்றிக் காட்டிய பெருமை அதற்கு உண்டு. ஆயினும் நிலக்கனவு ரங்கசாமியுடையது. சங்கப் பூசல் ஆண்களுடையது. மனைவி ஈஸ்வரி அவற்றின் விளைவைச் சுமப்பவள். அது முந்தைய காலத்துக் கதை என்பர். காற்றாலைகள் எழும் காலம்வரை நீளும் கதைக்கு அவ்விளக்கம் பொருந்தாது.

‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ (2021) என்னும் மலையாளப் படம் அடுக்களையையே அடக்குமுறையின் களமாகக் காட்டியது. 2023இல் தமிழிலும் எடுக்கப்பட்டது. அதன் தலைவி இறுதியில் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். தோட்டப் பெண்ணுக்கு அவ்வழி எளிதன்று. அவள் வாழும் லயம் நிறுவனத்தின் உடைமை. வேலை போயின் கூரையும் போகும். எனவே அவள் விடுதலை தனியொருத்தியின் வெளியேற்றமாக அமையாது, கூட்டு எழுச்சியாகவே அமைந்தது. அவ்வெழுச்சியைக் காட்டும் கதைமரபு நம் திரையில் இன்னும் வேரூன்றவில்லை.

இக்குறை திரைக்கு மட்டும் உரியதன்று. தாய், மனைவி, காதலி எனப் பாத்திரங்களை வகைப்படுத்துவதோடு நம் ஆய்வேடுகளும் அமைந்துவிடுகின்றன. திரை எதைக் காட்டியது என்று வினவும் நாம், எதைக் காட்டாது விட்டது என்று வினவுவதில்லை. கட்டுப்பாட்டை மட்டுமே காட்டி, அதனை மீறியதை மறைக்கும் படம் சமூகத்தின் கண்ணாடி ஆகாது. அக்கட்டுப்பாட்டிற்கே துணை ஆகும். அதனை ‘இயல்பு’ எனப் பாராட்டும் ஆய்வும் அத்தகையதே.