ஆங்கிலம் அறிவோம்: புளோரும் ஸ்டோரியும்



எமது அயலில் வாழும் மூதாட்டி ஒருவர், இலண்டனில் இருக்கும் தம் மகனிடம் செல்ல ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அவருக்கு நெடுநாளாக முழங்கால் வலி. இரண்டு படி ஏறினாலே மூன்றாம் படியில் அமர்ந்துவிடுவார். "அங்கே படி ஏற வேண்டியிருக்குமோ?" என்பதே அவருடைய ஒரே கவலை.

மகன் அனுப்பிய செய்தியில், வீடு 'பர்ஸ்ட் புளோரில்' உள்ளது என்றும், பழைய கட்டடமாதலால் லிப்ற் இல்லை என்றும் இருந்தது. அதை வாசித்த பேரன், "பயப்படாதீர்கள் அம்மம்மா! பர்ஸ்ட் என்றால் முதலாவது. மாமாவின் வீடு நிலத்தோடுதான் இருக்கும்" என்று தேறுதல் கூறினான். தற்செயலாக அங்கு சென்றிருந்த நான், "தம்பி, சற்றுப் பொறும். பயணச்சீட்டு வாங்குமுன் மாமாவிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும்" என்றேன்.

அப்படி நான் கூறியதன் காரணமே இவ்வாரப் பாடம்.

பிரித்தானிய வழக்கில், நிலமட்டத்தில் உள்ள தளம் 'கிரவுண்ட் புளோர்' எனப்படும். அதற்கு மேலுள்ளதே 'பர்ஸ்ட் புளோர்'. இலங்கையில் நாம் பின்பற்றுவதும் இம்முறையையே. அமெரிக்க வழக்கிலோ நிலமட்டத் தளமே 'பர்ஸ்ட் புளோர்'. அதற்கு மேலுள்ளது 'செக்கண்ட் புளோர்'. ஆகவே பேரன் கூறியது நியூயோர்க்கில் சரி, இலண்டனில் பிழை. அப்பிழைக்குத் தண்டனை அநுபவிக்கப்போவது பேரன் அல்லன், அம்மம்மாவின் முழங்கால்.

இனி 'ஸ்டோரி' என்னும் சொல்லைக் கவனிப்போம். தமிழில் 'மூன்றாம் மாடி' என்கிறோம். 'மூன்று மாடிக் கட்டடம்' என்றும் சொல்கிறோம். இரண்டிடத்தும் 'மாடி' என்ற ஒரே சொல் போதுமாகிறது. ஆங்கிலத்தில் அவ்வாறன்று. 'எத்தனையாவது?' என்ற வினாவுக்கு விடை புளோர். 'எத்தனை?' என்ற வினாவுக்கு விடை ஸ்டோரி. முன்னது இடத்தைச் சொல்வது. பின்னது கட்டடத்தின் உயரத்தைச் சொல்வது.

'ஹீ வேர்க்ஸ் ஒன் த தேர்ட் புளோர்' என்றால் அவர் மூன்றாம் மாடியில் வேலை செய்கிறார் என்பது பொருள். 'இட் இஸ் எ டென்-ஸ்டோரி பில்டிங்' என்றால் அது பத்துத் தளங்கள் கொண்ட கட்டடம் என்பது பொருள்.

இங்கே மாணவர் இடறும் குழி ஒன்று உண்டு. ஸ்டோரியை எண்ணும்போது நிலமட்டத் தளத்தையும் சேர்த்தே எண்ணவேண்டும். ஆகவே நம் நாட்டில் 'திரீ-ஸ்டோரி' கட்டடம் ஒன்றில் கிரவுண்ட், பர்ஸ்ட், செக்கண்ட் ஆகிய மூன்று புளோர்களே இருக்கும். 'தேர்ட் புளோர்' அங்கே கிடையாது. நியூயோர்க்கில் 1931ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு 102 ஸ்டோரிகள். அமெரிக்க முறையில் அதன் உச்சித் தளம் 102ஆவது புளோர். அக்கட்டடமே இலண்டனில் இருந்திருப்பின், அதே தளம் 101ஆவது புளோர் ஆகியிருக்கும். கட்டடம் ஓர் அங்குலமேனும் குறையவில்லை. எண்ணும் முறைதான் வேறு.

இனி, வாக்கியத்தில் அமைக்கும்போது நினைவில் வைக்கவேண்டிய சில விதிகள்:

ஒன்று: புளோருக்கு முன் 'ஒன்' வரும், 'இன்' வராது. 'ஒன் த செக்கண்ட் புளோர்' என்பதே சரி. ஆனால் நிலத்தின் கீழுள்ள தளத்துக்கு 'இன் த பேஸ்மென்ட்' என்றே கூறவேண்டும்.

இரண்டு: எண் குறிக்கும் சொல்லை மறந்தால் பொருளே மாறிவிடும். 'ஹீ ஸ்லீப்ஸ் ஒன் த பர்ஸ்ட் புளோர்' என்றால் முதலாம் மாடியில் உறங்குகிறான். 'ஹீ ஸ்லீப்ஸ் ஒன் த புளோர்' என்றால் வெறுந்தரையில் உறங்குகிறான்!

மூன்று: 'டென்-ஸ்டோரி பில்டிங்' என அடைமொழியாக வரும்போது ஸ்டோரி ஒருமையிலேயே நிற்கும். 'த பில்டிங் ஹாஸ் டென் ஸ்டோரிஸ்' எனத் தனித்து வரும்போது பன்மை பெறும்.

நான்கு: பிரித்தானிய எழுத்துக்கூட்டலில் இச்சொல்லின் இறுதியிலுள்ள 'வை' என்ற எழுத்துக்கு முன் ஓர் 'ஈ' உண்டு. அமெரிக்கர் அதை விடுத்து, கதை என்னும் பொருள்தரும் சொல்லைப் போலவே எழுதுவர். நம் பரீட்சைகளில் 'ஈ'யை விடாதீர்கள்.

ஐந்து: 'அப்ஸ்டெயர்ஸ்', 'டவுன்ஸ்டெயர்ஸ்' என்பவற்றின் முன் 'டு' சேர்க்கலாகாது. 'கோ அப்ஸ்டெயர்ஸ்' என்றாலே மாடிக்குப் போ என்பதாகும். நம் நாட்டில் மாடிவீட்டை 'அப்ஸ்டெயர் ஹவுஸ்' என்பர். நம்மவருக்கு அது நன்கு விளங்கும். பிற நாட்டாருக்கு எழுதும்போது 'டூ-ஸ்டோரி ஹவுஸ்' என்பதே தகும்.

பயிற்சி. பின்வருவனவற்றைத் திருத்துக:

1. ஷீ வென்ட் டு அப்ஸ்டெயர்ஸ்.
2. அவர் கிளாஸ் இஸ் இன் த செக்கண்ட் புளோர்.
3. திஸ் இஸ் எ டென்-ஸ்டோரிஸ் ஹோட்டல்.

விடைகள்: முதலாவதில் 'டு' வேண்டியதில்லை. இரண்டாவதில் 'இன்' என்பது 'ஒன்' ஆகவேண்டும். மூன்றாவதில் 'ஸ்டோரிஸ்' என்பது 'ஸ்டோரி' ஆகவேண்டும்.

மூதாட்டியின் கதையைக் கூறி முடிக்கிறேன். அன்றிரவே மகனிடம் கேட்டார்கள். தெருக்கதவிலிருந்து வீட்டுக்கதவு வரை பதினெட்டுப் படிகள் என்று விடை வந்தது. தாயின் நிலையை அப்போதுதான் அறிந்த மகன், கிரவுண்ட் புளோரில் வேறொரு வீடு தேடிக் குடிபுகுந்தார். பயணம் இரண்டு மாதம் பிந்தியது. புறப்படும் நாளன்று மூதாட்டி பேரனை அருகே அழைத்து, "தம்பி, ஒரு சொல்லுக்குள்ளே பதினெட்டுப் படி இருந்திருக்கிறது, பார்த்தாயா? கவனமாகப் படி" என்றார்.

அம்மம்மா 'படி' என்றது எந்தப் படியை என்று பேரன் கேட்கவில்லை. அன்று மாலையே அகராதியை விரித்துவைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டான்.